பன்றியை விட்டவர்களும் பசுவை விடாதவர்களும்

கேள்வி: பருவநிலை மாறினால் ஒரு சமுதாயம் அழிந்துதான் ஆகவேண்டுமா?

பதில்: குளிர் மேல் மட்டும் பழி போடமாட்டேன். சுமார் 985-ல் எரிக் என்பவர் தலைமையில் நார்ஸ் என்ற ஸ்காண்டிநேவிய மக்கள் கிரீன்லாந்தில் குடியேறினார்கள். நீண்ட குளிர்காலம் முழுக்க மாடுகளைத் தொழுவத்தில் அடைத்து, கோடையில் அறுத்துவைத்த உலர்புல்லைப் போட்டார்கள். குளிர் கூடியது, புல் குறைந்தது, நார்வேக் கப்பல்களும் அருகின. அவர்களும் சீல் தின்றார்கள். ஆனால் மாட்டையும் தேவாலயத்தையும் விட மனம் வரவில்லை. பசுவை இவர்கள் கட்டினார்கள், இவர்களைப் பசு கட்டிப்போட்டது! அதே கரையில் இனுயிட் மக்களோ பனியில் சீல் மூச்சுவிடும் ஓட்டையருகே காத்திருந்து ஈட்டியால் குத்திப் பிழைத்தார்கள். அந்த வித்தையை நார்ஸ் மக்கள் பக்கத்திலிருந்தும் கற்காமல் போனதுதான் என் மனதை அறுக்கிறது. 1408-ல் ஹ்வால்சே தேவாலயத்தில் நடந்த ஒரு கல்யாணம்தான் கிரீன்லாந்தில் அவர்கள் மறைந்துபோவதற்கு முன் கிடைக்கும் கடைசி எழுத்துப் பதிவு.

இதற்கு நேர்மாறாக, பழக்கத்தை விட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. பசிபிக்கில் டிகோபியா என்றொரு தீவு, சுமார் 5 சதுர கிலோமீட்டர்தான். தோட்டத்தைக் கிளறி நாசமாக்கிய பன்றிகளை 1600 வாக்கில் அடியோடு ஒழிக்க முடிவெடுத்தார்கள். பன்றிக்கறி அங்கே கௌரவ விருந்து. நாக்கைக் கட்டுவது சாமானியமா? இன்றும் அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழ்கிறார்கள்.