மட்டையோடு வந்த மூதாதை

மனிதனுக்கு முதலில் வாய்த்தது பெரிய மூளையா, நிமிர்ந்த நடையா? நூறு வருடங்களுக்கு முன் பிரிட்டிஷ் அறிஞர்கள் பலருக்கு இதில் சந்தேகமே இல்லை. மூளைதான்! பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆதிமனித எலும்புகள் கிடைத்துவிட்டனவே, நமக்கு மட்டும் தாத்தா இல்லையே என்ற ஏக்கம் வேறு.

தாத்தா வந்துவிட்டார். 1912-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில், பில்ட்டவுன் சரளைக் குழியிலிருந்து எழுந்தருளினார். பெரிய மண்டை, குரங்குத் தாடை. 1914-இல் அங்கேயே யானை எலும்பில் செதுக்கிய கருவி ஒன்றும் அகப்பட்டது. பார்வைக்குக் கிரிக்கெட் மட்டையேதான். அப்போதாவது சிரித்திருக்கலாம். ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

1925-இல் உடற்கூறியல் அறிஞர் ரேமண்ட் டார்ட், தென்னாப்பிரிக்காவின் டவுங்கில் கிடைத்த ஒரு குழந்தையின் மண்டையோட்டை வைத்து, மூளை சிறியது, ஆனாலும் நிமிர்ந்து நடந்த இனம் இது என்று வாதாடினார். லண்டன் பெரியவர்கள் பலர், மிக மரியாதையாகத்தான், அதைக் குரங்குக் குட்டிகளோடு சேர்த்துவிட்டார்கள். ஆப்பிரிக்கா, சின்ன மூளை, மட்டையும் இல்லை, எப்படிச் சேர்ப்பது?

1953-இல் பில்ட்டவுன் தாத்தாவின் குட்டு உடைந்தது. மண்டை மனிதனுடையது, தாடை ஒராங்குட்டானுடையது. பற்களை அரத்தால் ராவி, எலும்புக்குச் சாயமும் ஏற்றியிருந்தார்கள். ஆக, முதல் ஆங்கிலேயரின் பாதி முகம் ஆசியக் காட்டைச் சேர்ந்தது. நாற்பது வருடம் யாரும் அதனிடம் குடியுரிமைச் சான்று கேட்கவில்லை.