நஞ்சுண்டவர் ஊரில் ஒரு ஃபிரிட்ஜ்

நஞ்சன்கூட்டில் கபினிக் கரையில் கோயில்கொண்ட ஸ்ரீகண்டேசுவரர், விஷத்தை விழுங்கித் தொண்டையோடு நிறுத்தியவர். தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் என் அறைத்தோழருக்கு அந்தக் கவலையே கிடையாது; போன வாரத்துச் சாம்பாரை நேரே வயிற்றுக்கு அனுப்பிவிடுவார். ஃபிரிட்ஜின் நடுத்தட்டு அவர் ராஜ்ஜியம்: மூடாத கிண்ணத்தில் பொங்கி வழியும் தோசை மாவு, பாதி வெங்காயம், திறக்க யாரும் துணியாத ஓர் எவர்சில்வர் டப்பா. புவிசார் குறியீடு பெற்ற ரசபாளே வாழைப்பழத்தையும் உள்ளே தள்ளிவிட்டார். குளிரில் தோல் கறுக்குமே என்றால், "உள்ள நல்லாத்தான் இருக்கும் ப்ரோ" என்கிறார். அது உண்மை என்பதுதான் எரிச்சல். பாத்திரம் கழுவும் முறைப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அவர் முறை வரும் நாளில் மட்டும் அவருக்கு நைட் ஷிப்டு. கம்பெனிக்காரர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் ஷிப்டு போடுகிறார்களோ என்னவோ.