வேட்டிக்குப் பின்னால் ஒரு பல்பு

வீட்டுக்குள் ஸ்டுடியோ போடுகிறவர் முதலில் யாரையாவது வெளியேற்றியாக வேண்டும். ஜூலியா மார்கரெட் கேமரன் கோழிகளை வெளியேற்றினார். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்து, 1879இல் இலங்கையில் மறைந்த இந்த அம்மையாருக்கு 1863 கடைசியில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். நிலக்கரி அறை இருட்டறையானது. கண்ணாடி போட்ட கோழிக்கொட்டில் ஸ்டுடியோவானது. கோழிகள் குழம்பில் முடிந்திருக்காது என்று அவர் நம்பினாராம். டென்னிசன், டார்வின் போன்ற பெரிய தலைகளெல்லாம் பிறகு அவர் கேமராவுக்கு முன் அசையாமல் உட்கார்ந்தன.

சென்னை அடுக்குமாடியில் வெளியேற்றக் கோழி கிடையாது. அப்பாவின் வேட்டிதான் முதல் பலி.

காரணம் இருக்கிறது. ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சின்ன இடத்திலிருந்து வரும் வெளிச்சம், மழமழவென்று சவரம் செய்த மாப்பிள்ளைக்கும் மூக்கு நிழலால் மீசை வரைந்துவிடும். அதே பல்புக்கு இரண்டடி முன்னால் கொடி கட்டி வேட்டியைத் தொங்கவிட்டால், வேட்டி முழுவதும் ஒளிர்ந்து அதுவே விளக்காகிவிடுகிறது. நிழலின் ஓரம் கரைகிறது. எட்டு முழத்தை மடித்துப் போட்டால் வெளிச்சத்தைத் தின்றுவிடும். நாலு முழமே உத்தமம். கடையில் விற்கும் சாஃப்ட்பாக்ஸ் செய்வதும் இதே வேலைதான். என்ன, அதற்கு ஜரிகைக் கரை கிடையாது.

வேட்டி முகத்துக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ அவ்வளவு மென்மை. வெறும் பல்பை ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகும் என்றுதான் தோன்றும், மிஞ்சுவது கால்வாசி. இன்னொரு விளக்கு வாங்க ஓடுவதைவிட நாற்காலியை நகர்த்துவது மலிவு.

இதையெல்லாம் இல்லாதவன் செய்யும் வேலை என்று கூச்சப்பட வேண்டாம். 1956இல் வெளியான சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’வுக்குக் காசி வீட்டு முற்றத்தை ஸ்டுடியோவுக்குள் கட்டினார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, அதில் விளக்கை அடித்து, திரும்பி இறங்கிய வெளிச்சத்தில் படமெடுத்தார். ரசிகர்கள் ஆகாய வெளிச்சம் என்று நம்பியது அந்தத் துணியைத்தான்.

நிழல் விழும் கன்னத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பியடிக்க ஒரு தெர்மாகோல் போதும். பரணில் இருக்கிறது. “ஏங்க, அது அடுத்த வருஷக் கொலுவுக்கு!” என்ற குரலைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

எல்லாம் கூடிவந்த பிறகு காரியத்தைக் கெடுப்பது கூடத்து டியூப்லைட். அது 6500 கெல்வின், நீலம் பாயும்; பல்பு 3000 கெல்வின் என்றால் மஞ்சளடிக்கும். இரண்டும் எரிந்தால் ஒரு கன்னம் நலங்கு வைத்த மணப்பெண், மறு கன்னம் குளிர்ஜுரக்காரர். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஒரு கன்னத்தைத்தான் காப்பாற்றும்.

நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மட்டமான எல்.இ.டி. பல்பு விநாடிக்கு 100 தடவை மினுக்கும், வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக விழும். ஆகவே ஷட்டரை 1/100இல் நிறுத்துங்கள், டியூப்லைட்டை அணையுங்கள். கையில் இருப்பது ஹாலஜன் விளக்கென்றால் வேட்டியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பற்றிக்கொள்ளும்.