கெழடுகளக் கவனிச்சுப் பாருல, பேராண்டி

ஏலே பேராண்டி, ‘சோப்ரானோஸ்’ ஆறு சீசனையும் முடிச்சிட்டேன்னு சேக்காளிப் பயலுவகிட்ட நீ அளந்தது எங்காதுலயும் விழுந்துச்சு. எவன் எவனச் சுட்டான், எந்தப் பொணத்த எங்க பொதச்சான், எல்லாத்தையும் வெரல் நுனியில வச்சிருக்க. கேக்க நல்லாத்தான் இருந்துது. ஆனா அந்தக் கெழவியப் பத்தி ஒரு வார்த்த பேசலயே, ஏம்ல?

அமெரிக்காக்காரன் சந்தா வாங்கிட்டுக் காட்டுத நாடகம் எதப் பாத்தாலும் துப்பாக்கியப் பாக்காத, கெழடுகளப் பாரு. கத அங்கனதான் கெடக்கு. தாத்தன் தன் கூட்டத்துக்கு வக்காலத்து வாங்குதாம்னு நெனச்சா நெனச்சுக்க. நான் வாங்காம வேற எவன் வாங்குவான்?

எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. ஒங்கப்பன் வாங்கி மாட்டுன டிவி பகல்ல சும்மாதான கெடக்கு. கீழ எழுத்து ஓடுது, நானும் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. புரியாத எடம் வந்தா கெட்ட வார்த்தன்னு வச்சிக்கிடுவேன். முக்காவாசி சரியாத்தான் இருக்கும்.

கெழடுகளுக்கு அங்க ஏன் அம்புட்டு நல்ல வேசம் கெடைக்குன்னு யோசிச்சியா? எல்லாம் துட்டுதான். அந்த ஊருல ஓசியில வார டிவி சோப்புக்காரனும் கார்க்காரனும் குடுக்குத வெளம்பரத்துல ஓடுது. அவுகளுக்கு வேண்டியது 18 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள ஆளுதான். அதத் தாண்டுனவன் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. ‘சோப்ரானோஸ்’ காட்டுன எச்.பி.ஓ. சேனலு போன வழி வேற. 1972 நவம்பர்ல பென்சில்வேனியாவுல வில்க்ஸ்-பேருன்னு ஒரு ஊருல, 365 வீட்ட நம்பிக் கடையத் தொறந்தான். மொத நா காட்டுனது ஒரு ஐஸ் ஹாக்கி மேட்சும் ஒரு சினிமாவும். நடுவுல வெளம்பரம் கெடையாது, மாசச் சந்தா மட்டுந்தான். சந்தாவுக்கு வயசு ஏது? எம்பது வயசுக்காரன் குடுத்தாலும் டாலரு டாலருதான். அதனால எவம் மொகத்துக்கும் பயந்து எழுத வேண்டாம். கெழவியக் கொடுமக்காரி ஆக்கலாம், கெழவனக் கோட்டிக்காரன் ஆக்கலாம். பின்னால நாங்க காட்டுதது டிவியே இல்லன்னு தண்டோராப் போட்டானுவ. வெளம்பரமே போடாத சேனலு தனக்குன்னா மட்டும் நல்லாப் போட்டுக்கிடும்!

இப்ப அந்தக் கெழவிக்கு வாரேன். பேரு லிவியா. எழுதுன டேவிட் சேஸ் தன்னோட சொந்த அம்மைய வச்சித்தான் அவளப் படைச்சதாச் சொல்லியிருக்காரு. மகன் டோனி நியூஜெர்சியில பெரிய ரவுடி, ஊரே நடுங்கும். அவன் அம்மைய ‘கிரீன் குரோவ்’னு ஒரு எடத்துல கொண்டு சேக்குதான். முதியோர் இல்லம்னு சொன்னா அவனுக்குக் கோவம் வரும், இல்லம் இல்ல, வசதியான குடியிருப்புன்னு திருத்துவான். கெழவி கத்தல, கொளுத்தல. பாக்க வார புருசனோட அண்ணன் ஜூனியர்கிட்ட மூக்கச் சிந்திக்கிட்டே ஒண்ணொண்ணா அவுத்து விடுதா. டோனி மனநோய் டாக்டரப் பாக்கப் போறாங்கா. நீ இல்லாதப்ப இங்கன கூட்டம் போடுதானுவங்கா. கொல்லுன்னு ஒரு சொல்லு அவ வாயில வரல. ஜூனியர் ஆள ஏவிட்டான்! டோனி பொழச்சது பெரும்பாடு. கடைசியில போலீசு ஒட்டுக்கேட்ட டேப்பக் கேட்டுட்டு, தலகாணியத் தூக்கிக்கிட்டு அம்மைய அமுக்கப் போறான். அவளுக்குப் பக்கவாதம்னு கட்டில்ல வச்சித் தள்ளிட்டுப் போறாவ. மூஞ்சியில மாட்டுன மூடிக்குள்ள கெழவி சிரிக்கா மாதிரி இருக்கு. சிரிக்காளா, வாய் கோணிக்கிட்டான்னு இன்னிக்கும் எவனாலயும் சொல்ல முடியல.

நான்சி மார்ச்சண்டுன்னு ஒரு அம்மா நடிச்சது. 2000-ல தவறிட்டு. அதுக்கு அடுத்த சீசன்ல கம்ப்யூட்டர வச்சி அது மூஞ்சிய ஒட்டி ஒரு காட்சி எடுத்தானுவ பாரு, அம்புட்டுப் பெரிய கைகாரனுவளுக்குக் கூட அந்தப் புத்தி போயிருக்க வேண்டாம்.

போன தடவ ஒங்கப்பனும் ஒங்கம்மையும் வந்துட்டுப் போறப்ப, கோயமுத்தூர்ப் பக்கம் ‘சீனியர் சிட்டிசன்’ குடியிருப்புன்னு வழுவழு தாள்ல ஒரு பொஸ்தகத்த மேசையில மறந்து வச்சிட்டுப் போயிட்டாவ. அவுக ரெண்டு பேரையும் உக்கார வச்சி மொத சீசனப் போட்டுக் காட்டு. நான் வேற ஒண்ணும் சொல்லல.

அப்புறம் 2007 ஜூன் 10. கடைசி எபிசோடு, ஓட்டல்ல குடும்பத்தோட உக்காந்திருக்கான், பொசுக்குன்னு தெர இருண்டுட்டு. கேபிள் போயிட்டுன்னு பாதிப் பேரு டிவியத் தட்டியிருக்கான். டோனி செத்தானா, இருக்கானான்னு நீங்க இன்னும் அடிச்சிக்கிடுதிய. கூறுகெட்ட மூதிகளா, அதுக்கு மின்னாடி டோனி பெரியப்பன் ஜூனியரப் பாக்கப் போறாம்லா, அங்கனயே கத முடிஞ்சிட்டு. பெரியப்பனுக்கு ஆளு அடையாளம் தெரியல. எவன் தலைவன்னு அவனும் தம்பி மகனும் அடிச்சிக்கிட்டாவளே, அந்த ஊரு எதுன்னும் தெரியல. நீயும் எங்கப்பனுந்தான் அத ஆண்டியன்னு டோனி சொல்லுதான். அப்படியான்னு சன்னலப் பாக்கான் கெழவன். செத்தானா இல்லயாங்கது அதுக்கு மேல என்னல கணக்கு?

‘தி வயர்’தான் ஒசத்தின்னு நீ மல்லுக்கு வருவ. வா. டேவிட் சைமன் பால்டிமோர்ல பத்திரிகக்காரனா இருந்தவரு, கூட எழுதுன எட் பர்ன்ஸ் போலீசா இருந்துட்டு வாத்தியாராப் போனவரு. ஊரு எப்படிக் கெடுதுன்னு 60 எபிசோடுல எழுதி வச்சிருக்காவ, ஒரு எம்மி விருது கெடைக்கல. எனக்கு அதுல பட்டது ஒண்ணு. தெருவுல போதப்பொடி விக்க பயலுவள்ல கெழடுன்னு ஒருத்தன் இல்ல. அம்புட்டு வயசு வரைக்கும் எவனும் இருக்கதில்ல.

மத்தவன் எல்லாம் சொத்துக்குக் காத்துக் கெடக்கவந்தான். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ல டைவின் லானிஸ்டர் கக்கூசுல உக்காந்திருக்கையில பெத்த மவனே வில்ல வச்சிப் போட்டுத் தள்ளுதான். அது ஒளிபரப்பான நா 2014 ஜூன் 15, அமெரிக்காவுல தந்தையர் தினம்! ‘சக்சஷன்’ கெழவன் லோகன் ராயும் விமானத்துக் கக்கூசுல விழுந்துதான் போய்ச் சேந்தான். கெழவனுவ கக்கூசுக்குப் போறப்ப கவனமாப் போவணும்னு படிச்சிக்கிட்டேன்.

ஆனா லோகன் ஆளு எமகாதகன். எம்பதாவது பொறந்த நாளுக்குப் பொறுப்ப மவன் கையில குடுக்கதாப் பேச்சு. அன்னிக்கே இல்லன்னுட்டான். புள்ளைய எல்லாம் நாலு சீசனுக்கு அவன் வாயப் பாத்துக்கிட்டு ஒண்ண ஒண்ணு கடிச்சுக் கொதறுது. அவன் அவுகள உருட்டுததப் பாத்துட்டு நான் எந்திரிச்சுப் போயி பத்திரம் வச்சிருக்க பொட்டிய ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டு வந்தேன்.

நீ தமாசு நாடகத்த மதிக்கதில்ல. அழுதாத்தான் ஒசத்தி, சிரிச்சா மட்டம்னு எவன்ல சொல்லிக் குடுத்தான்? லாரி டேவிட் ‘கர்ப் யுவர் என்தூசியாசம்’னு 2000-ல தொடங்கி 2024 வரைக்கும் ஓட்டுனான், 120 எபிசோடு. வசனம் எழுதி வைக்கதில்ல. என்ன நடக்கணுங்கத மட்டும் எழுதிக் குடுத்துருவான், பேச்சு நடிக்கவன் வாயில அப்பப்ப வாரதுதான். மனுசன் எதுக்கெடுத்தாலும் சண்டை போடுவான், வரிசையில மின்னால போறவனோட, விருந்துல கூடுதலா எடுத்துத் திங்கவனோட. எழுவத்தாறு வயசு வரைக்கும் திருந்தவே இல்ல. எனக்கு அவனத்தான் ரொம்பப் புடிச்சிருக்கு.

அதுல ஒரு கத. லாரி வெளியூர்ல படத்துல நடிக்கப் போயிருக்கான். திரும்பி வந்தா அம்மை செத்து, அடக்கமும் முடிஞ்சிட்டு. ஏம்ப்பா சொல்லலன்னு கேட்டா, அவனத் தொந்தரவு பண்ணாதியன்னு அவதான் சொல்லிட்டான்னு அப்பன் கைய விரிக்கான். அழுது தீத்த பொறவு லாரிக்கு ஒரு வெளிச்சம் வருது. வேண்டாத விருந்து, வேண்டாத வேல எது வந்தாலும், அம்மை தவறிட்டாங்கன்னு சொன்னாப் போதும், எவனும் மறுபேச்சுப் பேசுததில்ல.

பாத்துச் சிரிச்சிக்கிட்டே ஒன்னத்தான் நெனச்சேன். போன பொங்கலுக்கு ஒனக்கு லீவு இல்லன்னாவளாமே, தாத்தா தவறிட்டாருன்னு மேனேஜருக்கு மெயில் போட்டுட்டுத்தான வந்து எங்கூட உக்காந்து கரும்பு தின்ன? ஒன் சேக்காளி சொல்லிட்டான்ல. கோவமெல்லாம் இல்ல. இந்தத் தீவாளிக்கு மட்டும் ஆச்சியச் சொல்லு. அவ போயி வருசக்கணக்காச்சு, பாதியாவது நெசமா இருக்கும்.