பேராண்டி மாட்டின பிரேக்

என்னவே பேராண்டி, டெக்சாஸுல .300 வின்செஸ்டர் மேக்னம் துப்பாக்கி வாங்கிட்டீராமே! அது வாயில மசில் பிரேக் மாட்டின நாள்லருந்து குறி தப்புதுன்னு உங்கப்பன் போன்ல ஒப்பாரி வைக்கான். பட்டாளத்துல எஸ்.எல்.ஆர். சுமந்த கிழவன் ஒருத்தன் ஊருல உக்காந்திருக்கான்னு உமக்கு இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்.

மொதல்ல ஒண்ணு சொல்லும். குண்டெல்லாம் ஒண்ணுகூடி ஒரே பக்கமாத் தள்ளி விழுதா, இல்ல திக்குக்கு ஒண்ணாச் செதறுதா? கூடி விழுந்தா துப்பாக்கி யோக்கியம்தான். சுடும்போது குழல் துடிக்கும்வே. அது நுனியில நூறு கிராம் இரும்பைத் திருகினா துடிப்பு மாறத்தான செய்யும்? நூறு கஜத்துல ஓரிரு அங்குலம் தள்ளி விழலாம். ஸ்கோப்பை மறுபடி ஜீரோ பண்ணும், சோலி முடிஞ்சுது. இந்தத் துடிப்பை வச்சே காசு பாத்த கில்லாடியும் உண்டு. 1990கள்ல பிரவுனிங் கம்பெனிக்காரன் ‘பாஸ்’னு ஒண்ணு விட்டான். அது பிரேக்காவும் இருக்கும், எடையை முன்னயும் பின்னயும் திருகி நகத்தி, தோட்டாவுக்குத் தக்கனக் குழலோட துடிப்பைச் சரிக்கட்டவும் செய்யும்.

செதறுச்சுன்னா மாட்டிவிட்ட ஆளைப் பிடியும். உள்ள தோட்டா இல்லன்னு ரெண்டு தடவ பாத்துட்டு, போல்ட்டைக் கழத்தி வச்சுட்டு, பிரேக்கைத் திருகி எடுத்து டார்ச் அடிச்சுப் பாரும். குண்டுக்கும் அது போற ஓட்டைக்கும் சுத்திவரக் கால் மில்லிமீட்டர் போலத்தான் இடைவெளி இருக்கும். மரை கோணலா வெட்டியிருந்தா குண்டு விளிம்புல உரசும். ஒரு பக்கம் மட்டும் செம்பு மினுங்கும்.

ரெண்டும் இல்லையா? அப்ப மிச்சம் நீருதான்.

கோவிக்காதீரும். பிரேக்கு குண்டைக் குறிக்கு இட்டுட்டுப் போகும்னு கடைக்காரன் சொல்லியிருப்பான். குண்டு வாயைத் தாண்டுற நேரத்துலதான் அதுக்கு வேலையே. பின்னாலயே சீறிட்டு வர்ற மருந்துப் புகையைப் பக்கவாட்டுல திருப்பி உதையைக் கொறைக்கும். தாலி ஏறின பொறவு மொய் எழுத வர்ற மாமன் கணக்கா. மாப்பிள்ளையை மாத்த அவனால ஆகாது. ஆனா உதை கொறஞ்சா கண்ணு ஸ்கோப்பை விட்டு வெலகாது, குண்டு எங்க விழுந்துச்சுன்னு தெரியும், அடுத்ததைத் திருத்திச் சுடலாம். அம்புட்டு லாபம் உண்டு.

நட்டம் காதுக்கு. புகையைத் திருப்பினா சத்தமும் உம்ம பக்கம் திரும்பும். 160 டெசிபலைத் தாண்டும். 140க்கே காதுக்குக் கேடு. அடைப்பானையும் சொருகி, அதுக்கு மேல மஃப்பும் மாட்டும். ஆப்பிரிக்காவுல வேட்டைக்குக் கூட்டிட்டுப் போற ஆளுக பலருக்கு, பிரேக் வச்ச துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. பக்கத்துல நிக்கிற பாவம் அவனுகளுக்குத்தான. இன்னொண்ணு, உதைக்குப் பயந்த ஒடம்பு சத்தத்துக்கும் பயப்படும். வெடிக்குமுன்னயே கண்ணு மூடும், தோளு முன்னால தள்ளும்.

உமக்கு அந்த வியாதி இல்லன்னுதான சொல்லுவீரு? சரி, ரேஞ்சுக்குப் போகும்போது துணைக்குச் சிநேகிதி ஒருத்தியையும் கூட்டிட்டுப் போம். உம்ம கண்ணுல காட்டாம, நல்ல தோட்டாவுக்கு நடுவுல ஒரு டம்மியை அவளே மேகசின்ல போடட்டும். நீர் விசையை இழுக்கும்போது வெறும் ‘டக்’னு கேட்டு, குழல் வாய் தரையைப் பாத்துக் குத்துச்சுன்னா வெளங்கிரும். அதை அவ போன்ல படம் பிடிச்சு எனக்கு அனுப்பணும். திண்ணையில நாலு பேரு காத்துக் கெடக்கோம்.