அடுக்குக் கட்டில் தந்த அறிவியல்

ஆராய்ச்சிக் கருவிகளுக்கு விருது கொடுக்கும் எண்ணம் சிங்கப்பூருக்கு வந்தால், முதல் மாலையை துவாஸ் வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதியின் இரும்பு அடுக்குக் கட்டிலுக்குப் போட வேண்டும்.

2020 மே. கோவிட் கிருமித்தொற்றால் விடுதி வாசல்கள் அடைபட்டிருந்தன. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காய்கறிப் பையும் கைபேசியுமாக நிற்கும் தம்பிமார் உள்ளே. அங்கே ஒரு மருந்துச் சோதனை நடந்தது. 3,037 ஆண்கள், 42 நாள். மாடிக்கு ஒரு மருந்து என 40 மாடிகளுக்குக் குலுக்கிப் போட்டார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஐவர்மெக்டின், தொண்டையில் அடிக்கும் போவிடோன் அயோடின், துத்தநாகத்தோடு வைட்டமின் சி. ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் வைட்டமின் சி. முடிவில் 1,681 பேருக்குத் தொற்று. வெறும் வைட்டமின் சி விழுங்கிய 619 பேரில் 433 பேர் மாட்டிக்கொண்டார்கள். தொண்டை மருந்து அடித்த 735 பேரில் 338.

சோதனை செய்த மருத்துவர்களோடு எனக்கு வழக்கில்லை. தீப்பிடித்த வீட்டில் தண்ணீர் தேடியவர்கள் அவர்கள். என் வயிற்றெரிச்சல் எல்லாம், ஊரெல்லாம் நடந்த சோதனைகளைக் கூட்டிக் கலந்து மெட்டா அனாலிசிஸ் சமைக்கும் கனவான்கள் மேல்.

ரெவ்மேனோ, ஸ்டாட்டாவோ, ஆர் மொழியின் மெட்டாஃபோரோ, எந்த மென்பொருளானாலும் வேலை ஒன்றுதான். நாலு எண்ணைத் தட்டினால் படத்தில் ஆய்வுக்கு ஒரு சதுரம் விழும். ஆய்வின் எடை கூடினால் சதுரம் பெருத்துவிடும். எடையைத் தருவது ஆள்கணக்கு மட்டுமா? நோயில் விழுந்தவர் கணக்கும்தான். இதே 735 பேரும் 619 பேரும் காற்றோட்டமான அறைகளில் படுத்து, 22 பேருக்கும் 28 பேருக்கும் மட்டும் தொற்றியிருந்தால், மருந்தின் பலன் விகிதம் ஏறக்குறைய அதேதான். ஆனால் நிலைவிளைவு முறையில் சதுரத்தின் எடை 34இல் ஒரு பங்காக இளைத்துவிடும். ஆக, கட்டில்களை இத்தனை நெருக்கமாகப் போட இடம்கொடுத்த விதிமுறைக்கு அறிவியல் கடன்பட்டிருக்கிறது. கட்டுரையாளர்கள் நன்றியுரையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே மாடியில் தூங்கி ஒரே குழாயில் முகம் கழுவியவர்களைத் தனித்தனி ஆளாக எண்ணக் கூடாது என்பது புள்ளியியல் பாலபாடம். அவர்களுக்குள் இருக்கும் ஒட்டுறவைக் குறைவாக 0.05 என்று வைத்தால்கூட, 3,037 பேர் கணக்கில் சுமார் 640 பேருக்குத்தான் சமம். மீதி 2,400 பேர்? பக்கத்துக் கட்டில்காரன் விட்ட மூச்சில் கரைந்துவிட்டார்கள். இந்தத் திருத்தத்தைச் செய்யச் சோம்பல்பட்டு எண்ணை அப்படியே தட்டுகிற பேரறிஞர் இருக்கிறாரே, அவர் வள்ளல். எந்த விடுதியும் தராத தனியறையை எக்செல் கட்டத்தில் ஆளுக்கு ஒன்றாக ஒதுக்கிவிடுகிறார்.

ஆய்வுக்கு ஆய்வு முடிவு எவ்வளவு முரண்படுகிறது என்று அளக்க ஐ ஸ்கொயர் வைத்திருக்கிறார்கள். சாதகமில்லாத ஆய்வை யாராவது மேசைக்கடியில் தள்ளிவிட்டார்களா என்று துப்பறிய புனல் வரைபடம் வைத்திருக்கிறார்கள். அறைக்கு எத்தனை கட்டில், ஜன்னல் திறக்குமா என்று எந்த மென்பொருளும் தானாகக் கேட்பதில்லை. கேட்டுச் சேர்க்க மெட்டா ரிக்ரெஷன் என்ற வசதி இருக்கிறது. யாருக்கு வேண்டும்? கட்டிலை இடம் மாற்றிப் போட்டுக் காப்புரிமை வாங்க முடியுமா?

2020 டிசம்பரில் அரசாங்கமே கணக்குச் சொன்னது: விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினரைத் தொற்று தொட்டுவிட்டது. 2021 செப்டம்பரில் மருந்தும் வந்தது, புது விதிமுறையாக. புதிதாகக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது. 15 பேருக்கு ஒரு கழிப்பறை என்றிருந்தது 6 பேருக்கு ஒன்றாகட்டும். ஏற்கெனவே கட்டிய விடுதியில் கிடந்தவர்கள் வைட்டமின் சியைத் தொடர்ந்து சப்பிக்கொண்டிருக்கலாம்.

2022 ஜூன் 24 முதல், ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வர இதே தம்பிமார் மனிதவள அமைச்சிடம் அனுமதிச் சீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. 735இல் 338 என்ற எண்ணுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. எந்த நாட்டுக் கணினிக்குள்ளும், எந்தக் கிழமையும் போய் வரலாம்.