மூடியியல்: நூற்பாவும் உரையும்

மூடி எளிதின் நீங்குவ கணினி;
நீங்கா தனவெலாம் பெட்டி என்ப.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், 1977 முதல் 1985 வரை மேலைநாட்டு வீடுகளில் புகுந்த கணினிகளின் மூடி எவ்வாறு திறக்கும், எவ்வாறு திறக்க மறுக்கும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. பழைய கணினியை நினைத்து உருகுவோர் அதன் வேகத்தைப் பேச மாட்டார்கள். பேச அங்கே ஒன்றுமில்லை. ‘அந்தக் காலத்தில் கழற்றிப் பார்க்கலாம்’ என்பார்கள். ஆகவே ஏக்கம் குடியிருக்கும் இடம் மூடி என்று கொள்ளப்பட்டது.

முதல் எடுத்துக்காட்டு 1977இன் ஆப்பிள் 2. திருகாணியைத் தேட வேண்டாம். பின்விளிம்பைத் தூக்கினால் சோற்றுப்பானை மூடிபோல் கையோடு வரும். உள்ளே எட்டு ஸ்லாட்டுகள். பிரிண்டருக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று, ஆக இரண்டு போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு வேண்டாமென்றால் நீ வேறு கணினி பார்த்துக்கொள் என்றார் அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக். எட்டே நின்றது.

அம்மூடியைத் திறந்து உள்ளே என்ன செய்தார்கள் எனின், பலரும் அழுத்தினார்கள். சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, சாக்கெட்டில் இருக்கும் சிப்புகள் மெல்ல மேலெழும்பிவிடும். கட்டைவிரலால் ஒரு அழுத்து. கணினி உயிர் பெறும். இவ்வழுத்தலே பிற்காலத்தில் ‘நான் ஹார்டுவேர் பார்த்தவன்’ என்னும் பெருமிதமாக வளர்ந்தது. 1980இல் வந்த ஆப்பிள் 3, மின்விசிறி கூடாதென்ற பிடிவாதத்தோடு பிறந்தது. அதிலும் சிப்புகள் எழும்பின. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசைமேல் போடுங்கள் என்று வாடிக்கையாளருக்கு யோசனை சொல்லப்பட்டது. மூடியைத் தொடாமலே உள்ளுறுப்பைச் சீர்செய்த இம்முறையை மூடியியலார் ஏற்பதில்லை. எனினும் வேலை செய்தது.

காணாத் திருகும் உண்டென மொழிப.

இது சின்க்ளேரின் இசட்எக்ஸ் 81க்கு இலக்கணம். அதன் திருகாணிகளில் சில, அடியில் ஒட்டிய ரப்பர் கால்களுக்குள் ஒளிந்திருந்தன. ஆனால் 1981இல் இதே கணினி பிரிட்டனில் இரு விலைக்கு விற்றது: பாகங்களாக வாங்கி நீங்களே சாலிடர் வைத்தால் 49.95 பவுண்ட், பூட்டிய நிலையில் 69.95 பவுண்ட். எனவே மூடுதல் என்னும் தொழிலின் சந்தை மதிப்பு சரியாக 20 பவுண்ட் எனத் துணியலாம். பின்பக்கம் செருகிய 16 கே மெமரிப் பெட்டி சற்று ஆடினாலே அதுவரை தட்டிய நிரல் முழுவதும் போய்விடும் என்பதால், திறந்தவரும் திறவாதவரும் மூச்சடக்கியே தட்டினர்.

அஃதேல், கமடோர் 64ஐத் திறக்க அடியில் மூன்று திருகாணிகளைக் கழற்ற வேண்டுமே, அதுவும் பெட்டியோ எனின், அற்றன்று. அதன் புரோகிராமர் கையேட்டின் பின்னால் முழுச் சுற்றுப்படம் மடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆப்பிள் 2இன் 1978ஆம் ஆண்டுக் கையேட்டிலும் சுற்றுப்படம் உண்டு, மானிட்டர் ரோமின் நிரல் வரிகளும் உண்டு. மூடி தூக்கியவன் எதைப் பார்க்கிறோம் என்று அறிந்தது அத்தாளால்தான். தாள் இல்லையேல் எட்டு ஸ்லாட்டும் எட்டுத் துளை. இவ்வளவு வெளிப்படையாக இருந்தால் அயலாரும் எட்டிப் பார்ப்பர். ஃபிராங்க்ளின் நிறுவனம் ஆப்பிளின் நிரல்களை அப்படியே நகலெடுக்க, வழக்கு 1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய் ஆப்பிளுக்குச் சாதகமாக முடிந்தது.

இனி 1984இன் மெக்கின்டாஷ். ஸ்லாட் இல்லை. நட்சத்திர வாய்த் திருகாணிகள். அவற்றுள் இரண்டு கைப்பிடிக் குழியின் ஆழத்தில். வீட்டு ஸ்க்ரூ டிரைவர் பொருந்தாது, பொருந்துவது கிடைத்தாலும் எட்டாது. போர்டை வடிவமைத்த பரல் ஸ்மித், ‘பழுது அறியும் செருகுவாய்’ என்று பெயர் சூட்டி ஒரு விரிவாக்க வழியை நுழைக்கப் பார்த்தார். பெயரில் மயங்காமல் அதை நீக்கச் செய்தார்கள். 128 கே மெமரி 512 ஆவதற்கு அவர் போர்டில் விட்டுவைத்த வழி மட்டும் தப்பியது. இத்தனை காவலுக்கும் உள்ளே, பெட்டியின் உட்சுவரில், உருவாக்கியோர் பலரின் கையெழுத்தும் பொறிக்கப்பட்டிருந்தது. வாங்கியவர் பார்க்கவே கூடாத இடத்தில் இட்ட கையெழுத்து எவருக்கானது என்பது பற்றி நூலாசிரியர் வாளா இருந்தார். ஆயினும் இப்பெட்டிக்காக உருகுவோரும் பலர். அவர்களைச் சூத்திரம் விளக்காது. நீண்ட ஸ்க்ரூ டிரைவர் வாங்கியவர்கள் என்று கொள்க.

புறனடை: 1985இன் அமிகா 1000இலும் மூடியின் உட்புறம் கையெழுத்துகள் உண்டு. அவற்றோடு, வடிவமைப்பாளர் ஜே மைனரின் நாய் மிட்சியின் பாதச் சுவடும் உண்டு. அது கையெழுத்தாகுமா என்பதில் உரையாசிரியர் இருவகைப்படுவர். ஆகாது என்போர் நாய்க்குக் கையில்லை என்பர். ஆகும் என்போர், மைனரோடு அலுவலகத்துக்கு அதுவும் வந்ததே என்பர். எமக்கு இரண்டாவதே உடன்பாடு.